வகுப்பறைக்குள் ஒரு பரண்

வகுப்பறை மூலையில் மரத்தாலான பரண். மேலே மெத்தையும் கதைப்புத்தகங்களும் நாலைந்து பிள்ளைகளும். கீழே சின்ன மேசைகள். வெளிநாட்டுப் பாடசாலைகளின் இப்படியான படங்கள் ஊர்ச்சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றன. தான் படித்த பாடசாலைக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பழைய மாணவருக்கு இதைவிடக் கவர்ச்சியான யோசனை கிடைப்பது அரிது. காணி வேண்டாம், அத்திவாரம் வேண்டாம், கூரை ஏற்கெனவே இருக்கிறது. தலைக்கு மேலே உயரம் வீணாகக் கிடக்கிறது. அதில் ஒரு தளம் போட்டால் வாசிப்பு மூலை தயார். நன்கொடையாளரின் பெயர்ப்பலகை மாட்டவும் வசதியான இடம்.

இந்த யோசனையை மண்டைதீவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்து, மண்டைதீவுச் சந்தியில் திரும்பினால் ஊர். தீவகத்தில் நகரத்துக்கு மிகக் கிட்ட இருப்பது இதுதான். 1990இல் இராணுவ நடவடிக்கையோடு ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் வராதவர்களைவிடக் குறைவு. ஆகவே இங்கே பாடசாலைகளின் சிக்கல் இடநெருக்கடி அல்ல. பிள்ளைகள் குறைவு, அறைகள் போதும். பரண் ஆசை இடம் போதாமல் எழுந்ததல்ல. பிள்ளைகளுக்கு ஈர்ப்பான ஒரு மூலை வேண்டுமே என்ற எண்ணத்தில் எழுந்தது. அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் கட்டட விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பிள்ளை ஏறாதவரை அது தட்டு, பிள்ளை ஏறிய நிமிடத்திலிருந்து அது மாடி. தட்டுக்கு விதி குறைவு. மாடிக்கு உள்ள விதி முழுவதும் பரணுக்கும் உண்டு.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த வேறுபாட்டை ஓர் அளவுகோலாலேயே காட்டிவிடுகிறது. அங்கே பரண் என்றால் சாமான் வைக்கும் இடம். அதன் உள்ளுயரம் 1.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம் அது. நிற்க முடியாவிட்டால் தங்கமாட்டார் என்பதே அந்த இலக்கத்தின் கணக்கு. கீழே நடப்பவரின் தலைக்கு மேல் 2.2 மீற்றர் இடைவெளி விடவேண்டும். ஆட்கள் பயன்படுத்தும் இடைத்தளத்துக்கு வேறு விதி: அதன் உயரம் 2.2 மீற்றருக்குக் குறையக்கூடாது, பரப்பு கட்டடத்தின் அடித்தளப் பரப்பில் மூன்றிலொன்றை மீறக்கூடாது. ஒன்றுக்கு உயரத்தின் உச்சவரம்பு, மற்றதற்குக் கீழ்வரம்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பரணை, அதாவது பிள்ளை குனிந்து ஏறிப் படுத்திருந்து வாசிக்கும் பரணை, விதித்தொகுப்பு கண்டுகொள்வதில்லை. படங்களில் வருபவை பெரும்பாலும் இந்த நடுவிலான் வகைதான்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் தழுவிக்கொண்ட சர்வதேசக் கட்டடக் கோவையும் இதே மூன்றிலொன்றைத்தான் சொல்கிறது, ஆனால் அறைப் பரப்பில். இடைத்தளத்துக்கு மேலேயும் கீழேயும் ஏழடி தெளிவான உயரம் வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனை: இடைத்தளம் அறையை நோக்கித் திறந்திருக்கவேண்டும், 42 அங்குலக் கைப்பிடிச் சுவருக்கு மேல் மறைப்பு கூடாது. சில விலக்குகள் உண்டு, ஆனால் விதியின் மூச்சு இதுதான். கீழே புகை கிளம்பினால் மேலே இருப்பவரின் கண்ணிலும் மூக்கிலும் உடனே படவேண்டும். திறந்திருக்கும் இடைத்தளத்தைத் தனி மாடியாக எண்ணாமல் கீழறையின் பகுதியாகக் கருதும் சலுகை அந்தத் திறந்தவெளிக்குக் கிடைக்கும் விலை. ஒரு பக்கம் பலகை அடித்து, திரை தொங்கவிட்டு, பிள்ளைகளுக்கு "குகை" மாதிரி அமைத்துக் கொடுக்கிற வேலை அந்தச் சலுகையை அப்படியே பறித்துவிடும். பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த மறைவு. விதிக்குப் பிடிக்காததும் அதே மறைவு.

இனி எங்கள் கட்டடத்துக்கு வருவோம். வடக்கிலும் கிழக்கிலும் அதிபர்களிடம் கேட்டால் பாடசாலைக் கட்டடத்தை அளவைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள்: "நூறுக்கு இருபத்தைந்து", "எண்பதுக்கு இருபது". நூறடி நீளம், இருபத்தைந்து அடி அகலமான கட்டடத்தை ஐந்தாகப் பிரித்தால் ஓர் அறை 20 அடிக்கு 25 அடி, 500 சதுர அடி. மாடிக் கட்டடமானால் கீழறையில் பரண் பேச்சுக்கே இடமில்லை. மேலே ஏழடி, கீழே ஏழடி, பரணின் தடிப்பு எட்டு அங்குலம். மொத்தம் 14 அடி 8 அங்குலம் வேண்டும். கொங்கிறீற் தட்டுப் போட்ட வகுப்பறையின் உயரம் பத்துப் பதினொரு அடியோடு முடிந்துவிடும்.

மிஞ்சுவது ஓட்டுக்கூரை போட்ட ஒற்றைத்தள அறைகள். முகடு உயர்ந்திருப்பதால் நிறைய இடம் இருப்பதுபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிவது வேறு. சுவர் பத்தடி, கூரைச்சரிவு இருபத்தேழு பாகையளவு என்று வைத்துக்கொண்டால் முகடு பதினாறரை அடியளவில் இருக்கும். 14 அடி 8 அங்குல உயரம் கிடைப்பது முகட்டுக்கு நேர்கீழே, இரு பக்கமும் மூன்றரை அடி தூரத்துக்கு மட்டுமே. ஆக, அறையின் நடுவே ஏழடி அகலப் பட்டை ஒன்று. சுவரோரமாக, மூலையில், படத்தில் கண்டதுபோல வைக்கவே முடியாது. கட்டட அந்தத்தில், முக்கோணச் சுவரை ஒட்டிய அறைகளில் மட்டும் ஒரு பக்கமாவது சுவரில் சாரும்.

அதைவிடப் பெரிய தடை தீராந்தி. எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்தடி உயரத்தில் குறுக்கே ஓடும் மரம் அது. பரணின் தளம் ஏழடி எட்டு அங்குலத்தில் அமைந்தால், தீராந்தி பரணில் நிற்பவரின் தொடைக்கு நேரே வரும். "இது இடைஞ்சலாக்கிடக்கு, ஒண்டை மட்டும் அறுத்து விடுவம்" என்று சொல்ல ஆள் இருக்கும். அறுத்தால் முதல் மழைக்கு ஒன்றும் நடக்காது, இரண்டாம் மழைக்கும் ஒன்றும் நடக்காது. கூரைப் பாரம் சிலாகைகளின் அடிவழியாகச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பிடித்திருந்த கை போய்விட்டதால் சுவரின் தலை மெல்ல மெல்ல வெளியே சாயும். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பாகத் தொடங்குவது, சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சுண்ணாம்பு பூசப்பட்டுப் பல வருடம் மறைந்தே கிடக்கும்.

மின்விசிறியும் அதே உயரத்தில்தான் தொங்குகிறது. ஒன்பதடியில் சுழலும் இதழ், பரணின் தளத்திலிருந்து பதினாறு அங்குலம் மேலே. படுத்திருந்து வாசிக்கும் பிள்ளை புத்தகத்தை உயர்த்திப் பிடித்தால் போதும். விசிறியைக் கழற்றிவிட்டால், வெயில் ஏறிய ஓட்டுக்கு நேர்கீழே, அறையின் சூட்டுக்காற்றெல்லாம் வந்து தேங்கும் இடத்தில், பங்குனி சித்திரையில் எந்தப் பிள்ளை இருக்கும்? கூரை அஸ்பெஸ்ரஸ் சீற்றாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: பரணைத் தாங்கக் கொழுக்கி போட, மின்குழாய் கொண்டுபோக அந்தச் சீற்றைத் துளைப்பதும் அறுப்பதும் நார்த்தூசைப் பிள்ளைகளின் மூச்சில் கலக்கும். பரணில் இருப்பவருக்கும் அந்தத் தூசுக்கும் இடையில் எதுவும் இல்லை.

பாரத்துக்கு வருவோம். 2010வரை பிரித்தானியத் தரமாக இருந்த பி.எஸ். 6399 வகுப்பறைத் தளத்துக்கு ஒரு சதுர மீற்றருக்கு 3 கிலோநியூற்றன் என்று கணக்கிடச் சொன்னது. இந்தியத் தரமும் அதே 3. இலங்கைப் பொறியியலாளர்கள் பல காலம் பிரித்தானியத் தரத்தை வைத்தே வேலை செய்தவர்கள். சாதாரணப் பேச்சில் சொன்னால் சதுர மீற்றருக்கு முந்நூறு கிலோ. எங்கள் அறையில் மூன்றிலொன்று என்றால் 15.5 சதுர மீற்றர். பரண் ஏறத்தாழ நாலேமுக்கால் தொன்னைத் தாங்கவேண்டும். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தாலும் முந்நூறு கிலோ வராதே, ஏன் இத்தனை என்று கேட்கலாம். பிள்ளைகள் வரிசையில் நிற்பதில்லை. குதிப்பார்கள், ஒரு பாம்பு கண்டால் ஒரே பக்கம் ஓடுவார்கள், பரிசளிப்பு நாளில் பெற்றோரும் ஏறி நின்று படம் எடுப்பார்கள். புத்தகம் அடுக்கினால் கணக்கு இன்னும் ஏறும். புத்தகக் களஞ்சியத்துக்கு அதே பிரித்தானியத் தரம் குறைந்தது 6.5 கிலோநியூற்றன் கேட்டது. பரண் முழுதும் புத்தக அடுக்கு என்றால் பத்துத் தொன். "வாசிப்பு மூலை" என்று தொடங்கிய பரண் பழைய வினாத்தாள், பயிற்சிக் கொப்பி, உடைந்த கதிரை, இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடிக்கம்பு என்று களஞ்சியமாக மாற மூன்று தவணை போதும். கட்டும்போது கணக்கிட வேண்டியது அந்த நாளின் பாரத்தை.

இந்தப் பாரத்தை ஏற்கப்போவது யார்? தீவகத்துப் பழைய சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நேர்கீழாக வரும் பாரத்தைப் பரந்து தாங்கும் சுவர் அது. ஒரு வளையின் நுனி வந்து ஓரிடத்தில் குத்தினால் தாங்குவதற்குக் கட்டியதல்ல. போர்க்காலத்தில் கூரை இழந்து வெறும் சுவராக மழையில் ஊறி நின்று, பிறகு மேலே புதுக் கூரை போடப்பட்ட கட்டடங்களும் உண்டு. அவற்றின் வரைபடம் எந்த அலுமாரியிலும் இராது. வரைபடம் இல்லாத சுவருக்கு மேல் பாரம் ஏற்றுவதற்கு முன் பொறியியலாளர் ஒருவர் சாந்தைச் சுரண்டி, அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தேயாகவேண்டும். நேர்மையான வழி, பரணைச் சுவரில் தொங்கவிடாமல் அதற்கென்று தனித் தூணும் தனிப் பாதமும் போடுவது.

அந்தத் தூண் இரும்பென்றால் உப்புக்காற்று. நாலு பக்கமும் கடல் என்ற ஊரில் கதவு நாதாங்கியே எத்தனை வருடம் தாங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொங்கிறீற் என்றால் உள்ளே கம்பி. ஐரோப்பியத் தரம் கடற்காற்றுப் படும் கொங்கிறீற்றுக்குக் கம்பியின் மேல் 35 மில்லிமீற்றர் மூடுகனமும், வேலைப்பிசகுக்கென்று இன்னொரு 10 மில்லிமீற்றரும் வைக்கச் சொல்கிறது. கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். எங்கள் மேசன்மார் வழக்கமாக விடுவது ஓர் அங்குலத்துக்கு அப்பால் போவதில்லை. கழுவாத மணலும் உவர்க்கிணற்றுத் தண்ணீரும் கலவைக்குள் போனால் வெளியிலிருந்து உப்பு வரவே தேவையில்லை. கம்பி உள்ளேயே இருந்து வீங்கி, கொங்கிறீற்றை வெடிக்கவைத்து, சில்லுச் சில்லாகக் கீழே தள்ளும். கீழே மேசை போட்டிருப்பது பிள்ளைகள். வைரம் பாய்ந்த பனை இந்த ஊருக்கு ஏற்ற மரம்தான், உப்புக்கும் கறையானுக்கும் மற்ற மரங்களைவிட ஈடுகொடுக்கும். பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும் என்பதையும், பழைய வளையைக் கழற்றி மீண்டும் போடுபவர்கள் அதன் ஆணித்துளைகளையும் பிளவுகளையும் பார்க்கவேண்டும் என்பதையும் மறக்காவிட்டால் சரி.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாக்குநீரிணையைக் கடந்தே போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய புயலுக்குப் பிறகு, 1980இல் பலத்த காற்றுக்கேற்பக் கட்டடங்களை வடிவமைக்கும் கைநூல் இலங்கையில் வெளியானது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்த அந்நூல், சாதாரணக் கட்டடத்துக்கு ஒரு வேகமும் அனர்த்தத்துக்குப் பிறகும் நின்று பயன்படவேண்டிய கட்டடத்துக்கு அதைவிடக் கூடிய வேகமும் கணக்கிடச் சொன்னது. முதலாம் வலயத்தில் அது செக்கனுக்கு 49 மீற்றரும் 54 மீற்றரும். தீவகத்தில் பாடசாலையை எந்த வகையில் சேர்ப்பது? 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டை மூழ்கடித்தபோது சனம் போய் இருந்தது பாடசாலைகளிலும் கோயில்களிலும்தான். வெள்ளம் வந்தால் பரணில் பெட்டி படுக்கை, அரிசி மூடை, பிறகு ஆட்கள். மேலே சொன்ன நாலேமுக்கால் தொன் அன்று சோதிக்கப்படும். பரணுக்கு வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் அல்லது முக்கோணச் சுவரில் புதிதாக வெட்டும் சாளரமும் இதே கணக்கில் வரும். புயல்நேரம் அது திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து, மேலே உறிஞ்சும் காற்றோடு சேர்ந்து ஓட்டை எழுப்பும்.

இவ்வளவும் பரண் விழாமல் இருப்பதற்கு. விதிகளின் மற்றப் பாதி, பிள்ளை இறங்கிவருவதற்கு.

2004 யூலை 16 அன்று கும்பகோணத்தில் ஸ்ரீகிருஷ்ணா பாடசாலைக் கட்டடத்தில் 94 பிள்ளைகள் எரிந்து இறந்தார்கள். சமையற் கொட்டிலின் கூரைத் தீ மேல்தளத்து ஓலைக்கூரைக்குத் தாவியது. ஒடுங்கிய ஒற்றைப் படிக்கட்டு. எரியும் ஓலையும் மூங்கிலும் பிள்ளைகளுக்கு மேலேயே விழுந்தன. அந்த ஓலைக்கூரை வகுப்பறையை முதலில் போட்டவர்கள் கொலை செய்யப் போட்டிருக்கமாட்டார்கள். இருந்த கட்டடத்துக்கு மேலே கொஞ்சம் இடம் கிடைத்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு அதன் பிறகு பாடசாலைகளில் ஓலைக்கூரையை அகற்ற உத்தரவிட்டது. 2009 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், பாடசாலைகள் எல்லாம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை பரிந்துரையாக இருந்த ஒரு நூல் 94 பிள்ளைகளுக்குப் பிறகுதான் பாடசாலைகளுக்குக் கட்டாயமானது.

கும்பகோணத் தீக்கு 46 வருடம் முன்னர், 1958 டிசம்பர் 1 அன்று சிக்காகோவில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் 92 மாணவரும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். படிக்கட்டின் அடியில் மூண்ட தீயின் புகை, கதவில்லாத அந்தப் படிக்கட்டையே புகைக்கூண்டாக்கி மேல்மாடிக்கு ஏறியது. கட்டடம் பழையது, ஆகவே புதிய விதி அதற்குப் பொருந்தாது என்று விடப்பட்டிருந்தது. பரண் விடயத்தில் இது நேராக வந்து தொடுகிறது. பழைய கட்டடம் பழைய விதியின் கீழ் அப்படியே இருக்கலாம் என்பது பல நாடுகளின் வழக்கம். ஆனால் அதைத் தொட்டு மாற்றினால், மாற்றிய பகுதி இன்றைய விதிக்கு வரவேண்டும். பரண் கட்டாத வகுப்பறைக்கு இருந்த மன்னிப்பு, பரண் கட்டியதும் போய்விடுகிறது. மாற்றம் நடக்கும்போதே பிள்ளைகளைக் கீழே வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2025 செப்டெம்பர் 29 சான்று: இந்தோனேசியாவின் சிடோஆர்ஜோவில் ஒரு மதப்பாடசாலையில் மேல்தளத்துக்குக் கொங்கிறீற் ஊற்றிக்கொண்டிருக்கையில் கட்டடம் கீழே தொழுதுகொண்டிருந்த மாணவர் மேல் சரிந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் நாட்டில் இவ்வளவு பெரியது நடக்கவில்லை. 2024 பெப்ரவரியில் வெல்லம்பிட்டியவில் பாடசாலைத் தண்ணீர்க்குழாய்ச் சுவர் சரிந்து ஒரு சிறுமி இறந்தது, ஒரு சின்னச் சுவருக்கும் கணக்கு வேண்டும் என்று காட்டப் போதுமானது.

ஏணியா படியா என்பது பரண் கட்டுபவர்கள் கடைசியாக யோசிப்பது. விதிநூல்கள் முதலாவதாகக் கேட்பது. மாணவர் ஏறும் தளத்துக்கு ஏணியை அவை வழியாகவே எண்ணுவதில்லை. இந்திய விதித்தொகுப்பு கல்விக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு 1.5 மீற்றர் அகலம் கேட்கிறது. படியின் ஏற்றம் 15 சென்ரிமீற்றர், மிதி 30 சென்ரிமீற்றர். ஏழடி எட்டு அங்குலம் ஏறப் பதினாறு ஏற்றம், பதினைந்து மிதி, நாலரை மீற்றர் நீளம். அகலத்தோடு பெருக்கினால் 6.75 சதுர மீற்றர். பரணால் கிடைத்தது பதினைந்தரை. அதில் கிட்டத்தட்டப் பாதியைப் படிக்கட்டு கீழே தின்றுவிட்டது. அமெரிக்கக் கோவையின்படி சிறு தளத்துக்கு ஒடுங்கிய படி போதும். அப்போதும் மூன்று சதுர மீற்றருக்கு மேல் போகும். அதே கோவை வகுப்பறையில் தலைக்கு 20 சதுர அடி என்று கணக்கிடுகிறது. 166 சதுர அடிப் பரணில் எட்டுப் பிள்ளைகள். தூண், பாதம், படி, கைப்பிடி, பொறியியலாளர் கட்டணம் எல்லாம் எட்டுப் பேருக்கு. அவர்கள் இறங்க அந்த ஒரே படி. அது முடிவது வகுப்பறையின் உள்ளே. அங்கிருந்து மறுபடி கதவு. பரணின் தொலைவான மூலையிலிருந்து வாசல்வரையான முழுத்தூரத்தையும் எண்ணவேண்டும், படியின் அடியிலிருந்து அல்ல.

கைப்பிடிக்கு அமெரிக்க அளவு 42 அங்குலம். இடைவெளிகளூடாக நாலங்குல உருண்டை போகக்கூடாது. சின்னப் பிள்ளையின் தலையை எண்ணி வைத்த அளவு அது. கிடைக்கம்பி வைத்த கைப்பிடி ஏணியாகும் என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆகவே நிலைக்கம்பி. வயதையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் உயிர்ப்பாதுகாப்புக் கோவை முன்பள்ளி, முதலாம் தரப் பிள்ளைகளை வெளியேறும் நிலமட்டத்திலேயே வைக்கவும், இரண்டாம் தரத்தை அதற்கு ஒரு மாடிக்கு மேல் ஏற்றாதிருக்கவும் சொல்கிறது. வாசிப்புப் பரண் யோசனை வருவது பெரும்பாலும் ஆரம்பப்பிரிவுக்கு. விதி தடுக்க நினைக்கும் வயதும் அதுவே. தீயணைப்பு வண்டி வரவேண்டியது யாழ்ப்பாணத்திலிருந்து, பாலம் தாண்டி. நகரத்துப் பாடசாலைக்கு விதி கேட்கும் வெளியேறும் வசதியைவிடத் தீவுப் பாடசாலை தானாகவே கூடுதலாக வைத்துக்கொள்ளவேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஏற முடியாத பிள்ளை இன்னொரு கேள்வி. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்ரோபரில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குப் பொருந்தும். 2011இல் உயர் நீதிமன்றமும் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. சக்கரநாற்காலியில் வரும் ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், வகுப்பின் நல்ல புத்தகங்களும் நல்ல மெத்தையும் மேலே இருப்பது அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லும்? சட்டத்தை விட்டாலும் இந்த ஒன்றுக்காகவே நான் பரணை எதிர்ப்பேன்.

அனுமதி யாரிடம் எடுப்பது என்பதில் ஊரில் குழப்பம் அதிகம். மண்டைதீவு வேலணை பிரதேச சபைக்குள் வருகிறது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கும் அனுமதி கேட்கிறது. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். நூறு வருடத்துக்கு முந்திய சட்டம் வகுப்பறைப் பரணை நினைத்து எழுதியதல்ல, ஆனால் அதன் வாசகத்துக்குள் பரண் அடங்கும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அதன்கீழ்ப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளுக்குப் பொருந்தும். அப்பகுதிகளில் 1986 ஒழுங்குவிதிகளின் இடத்தை 2021 யூலையில் வர்த்தமானியில் வந்த புதிய திட்டமிடல் அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் எடுத்துக்கொண்டன. பாடசாலைக் காணி அந்த எல்லைக்குள்ளா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் குறையும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தில் கரையோர வலயம் என்பது உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர். அறைக்குள்ளே பரண் கட்டுவது கரையை மாற்றாது. இரண்டாவது வழியாக வெளியே படிக்கட்டுக் கட்டப்போனால் கரையோரத் திணைக்களத்தையும் கேட்கவேண்டி வரலாம்.

பாடசாலை மாகாண சபையின் கீழ் என்றால் இவற்றுக்கெல்லாம் முன்னே தீவக வலயக் கல்விப் பணிமனையின் ஒப்புதல், அதன் வழியே மாகாணத்தின் பொறியியலாளர். நடைமுறையில் நடப்பது தலைகீழ். காசு வந்துவிடும், மேசன் வந்துவிடுவார், திறப்புவிழாத் திகதி வைக்கப்பட்டுவிடும். கடிதம் கடைசியில் போகும். "தளபாடம்" என்று எழுதிவிட்டால் கேள்வியே வராது என்ற ஆலோசனையும் கிடைக்கும். அலுமாரியும் மேசையும் தளபாடம். நாலேமுக்கால் தொன் தாங்கவேண்டிய தளம் தளபாடமாகாது. விபத்து ஒன்று நடந்தால் அந்தச் சொல் அதிபரைத்தான் தனியே நிறுத்தும். நன்கொடையாளர் ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ இருப்பார், மேசன் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

அப்படியானால் பரணே கூடாதா? முகடு உயர்ந்த மண்டபம் இருந்து, தனித் தூணில் நிற்கும் தளமும் முறையான படியும் வெளியே இரண்டாம் வழியும் அமைத்து, உயர்தர மாணவருக்கென்று ஒதுக்கினால் எந்த விதிநூலும் தடுக்காது. நகரத்தில் இடநெருக்கடியால் திணறும் பெரிய பாடசாலைக்கு அந்தச் செலவு நியாயமாகலாம். பிள்ளைகளைவிட அறைகள் கூடிய தீவில் அதற்கு நியாயம் இல்லை.

பிள்ளைகளுக்கு வேண்டியிருப்பது உயரமல்ல, தங்களுக்கென்று ஒரு மேடை. ஒன்றரை அடி, அதாவது 45 சென்ரிமீற்றர் உயரத்தில், அறையின் ஒரு சுவர் நீளத்துக்குப் பலகை மேடை போடலாம். அமெரிக்கக் கோவை கைப்பிடி கேட்பது விழும் உயரம் 30 அங்குலத்தைத் தாண்டினால்தான்; இது அதற்குக் கீழே. பாரம் நேரே நிலத்துக்கு இறங்கும், சுவரையும் தீராந்தியையும் தொடாது. ஏற மூன்று படி. சக்கரநாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 5.4 மீற்றர் சாய்தளம், அது மேடையின் நீளத்தோடே ஓடிவிடும். மேடைக்குக் கீழே இழுப்பறை வைத்தால் பரணில் ஏற்ற நினைத்த கொப்பியும் கொடிக்கம்பும் அங்கே போகும். வெள்ளத்துக்கு இது உதவாது என்பது உண்மை. இழுப்பறைகளைக் கார்த்திகைக்கு முன் காலிசெய்யவேண்டும், அடிப்பலகைக்குக் கீழே காற்றுப்போக வழி விடாவிட்டால் கறையான் பிடிக்கும். பாம்பு புகாமல் முன்பக்கத்தை வலையால் அடைப்பதும் தீவில் அவசியம்.

ஏற்கெனவே பரண் உள்ள அறைகளுக்கு வேலை சின்னது. ஏணியைக் கழற்றி அலுவலகத்தில் வைக்கவேண்டும். மேலே கிடக்கும் சாமானில் பாரமானவற்றை இறக்கவேண்டும். பரணின் வளை சுவரில் புகும் இடத்தை விரல்நகத்தால் கிளறிப் பார்க்கவேண்டும். சாந்து மாவாக உதிர்ந்தால், பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை அந்த வகுப்பை அடுத்த வெற்றறைக்கு மாற்றலாம். வெற்றறை இங்கே இருக்கிறது.